துருப்பிடித்த ஜீப்பை வாங்கலாமா?

ஜீப் என்றால் ஆசைப்படாதவர் குறைவு. மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். சேற்றில் சிக்கினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்து வெளியே வந்துவிடும். மலைத் தோட்டக்காரருக்கு அது கைகால் மாதிரி. சமவெளி விவசாயிக்கு ஆள் ஏற்றும் வண்டியும் அதுதான். மூட்டை ஏற்றும் வண்டியும் அதுதான்.

புது ஜீப் வாங்க எல்லோராலும் முடிவதில்லை. ஆகவே பலர் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அலைந்து திரிந்து ஒரு வண்டி கிடைக்கிறது. சாவியைத் திருகியதும் எஞ்சின் கிளம்புகிறது. டயர் பரவாயில்லை. விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் கதவின் அடியில் செம்பழுப்பாய் ஒரு திட்டு. சக்கரத்தின் மேல் வளைவில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாய் எழும்பி நிற்கிறது. விரலால் தொட்டால் தூள் கொட்டுகிறது.

துரு!

வாங்கலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் உலவுகின்றன.

"இரும்பு என்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஒரு கோட்டிங் அடித்தால் போச்சு. தைரியமாய் வாங்குங்கள் அண்ணே!" என்பது ஒன்று. இதைச் சொல்பவர் பெரும்பாலும் தரகர்.

"துருவா? அந்தப் பக்கமே போகாதே. அது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்!" என்பது மற்றொன்று. இதைச் சொல்பவர் வீட்டுப் பெரியவர்.

இரண்டும் தவறு. முதல் பதிலை நம்பினால் பணம் போகும். சில சமயம் உயிருக்கும் ஆபத்து வரும். இரண்டாவது பதிலை நம்பினால் நல்ல வண்டி ஒன்று கைநழுவிப் போகும்.

துரு எவ்வளவு இருக்கிறது என்பது முதல் கேள்வி அல்ல. எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

துரு என்பது என்ன?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. இந்த மூன்றில் ஒன்றைப் பிரித்து வைத்தாலும் துரு வராது. பெயிண்ட் செய்யும் வேலை இதுதான். அது இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே சுவராக நிற்கிறது. சுவரில் கீறல் விழுந்தால் எதிரி உள்ளே நுழைந்துவிடுகிறான்.

உப்பு சேர்ந்தால் வேகம் பன்மடங்கு ஆகும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். துருப்பிடித்தல் என்பதே ஒரு நுண்ணிய மின்வேதியியல் நிகழ்ச்சி. அதனால்தான் கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பியும் சைக்கிளும் சீக்கிரம் வீணாகின்றன.

இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் அது உப்பும். அப்படி உப்பும்போது மேலே உள்ள பெயிண்டைத் தள்ளிக் கொப்பளமாக்குகிறது. ஆகவே கொப்பளம் என்பது துருவின் ஆரம்பம் அல்ல. உள்ளே வேலை வெகு நாளாக நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

பாம்பன் பாலத்தை அறியாத தமிழர் இல்லை. 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் இரும்பு, ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கு நின்றது. ஓயாமல் சுரண்டினார்கள், ஓயாமல் பெயிண்ட் அடித்தார்கள், அரித்துப்போன பாகங்களை மாற்றினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், அரிப்பைத் தடுக்கும் தனி வகைப் பெயிண்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பாலத்துக்கு அருகிலேயே மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அரிப்புச் சோதனைக் கூடம் இருக்கிறது. உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் வைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று விஞ்ஞானிகள் பார்ப்பார்கள். துரு அவ்வளவு பெரிய விஷயம்!

ஆகவே பழைய ஜீப் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது, "வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பது மட்டும் அல்ல. "எந்த ஊரில் நின்றிருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். மதுரையில் கொட்டகைக்குள் 20 ஆண்டு நின்ற வண்டி, ராமேசுவரம் கடற்கரையில் வெட்டவெளியில் 5 ஆண்டு நின்ற வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

எலும்பும் தோலும்

ஜீப் 1941-இல் உலகப் போரின் நடுவே பிறந்த வண்டி. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பிறகு பலவகை மகிந்திரா ஜீப்புகள் வந்தன. 1985-இல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2000-இல் பொலேரோவும், 2010-இல் தாரும் வந்தன. இன்று பழைய வண்டிச் சந்தையில் ஜீப் என்ற பெயரில் விலைபோகிறவற்றில் பெரும்பாலானவை இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவைதாம்.

இந்த வண்டிகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. கீழே ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். இதை மெக்கானிக்குகள் சேஸ் என்பார்கள். எஞ்சின், ஸ்பிரிங் பட்டைகள், ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் இந்த அடிச்சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கும். அதன் மேல் பாடியைத் தூக்கி வைத்து போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள்.

அடிச்சட்டம் எலும்பு. பாடித் தகடு தோல்.

தோலில் சொறி வந்தால் மருந்து உண்டு. எலும்பு உளுத்தால் என்ன செய்வது?

மட்கார்டு, கதவு, பானெட், பின் கதவு ஆகியவற்றில் உள்ள துரு அழகைக் கெடுக்கும். பணச் செலவு வைக்கும். உடனே ஆளைக் கொல்லாது. பழைய மகிந்திரா ஜீப்புகளின் தகடு பெரும்பாலும் தட்டையானது. கைதேர்ந்த டிங்கர் ஒருவர் துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துவிடுவார். பாடி முழுவதையும் புதிதாகக் கட்டிக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு.

அடிச்சட்டத்தில் உள்ள துரு அப்படி அல்ல. அங்கே ஓட்டை விழுந்தால் வண்டியின் பலமே போய்விட்டது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும. பார்ப்பதற்கு ஜீப் போல் உயரமாக இருக்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் அடிச்சட்டம் இல்லை. 2012-இல் இந்தியாவுக்கு வந்த டஸ்டர், 2017-இல் வந்த காம்பஸ் போன்றவற்றில் பாடியே சட்டமாகவும் வேலை செய்கிறது. அந்த வகையில் தோலும் எலும்பும் ஒன்றுதான். கதவுக்குக் கீழே ஓடும் படிப் பகுதியும் தூண்களும் துருப்பிடித்திருந்தால், அதை வெறும் தகட்டுத் துரு என்று தள்ளிவிடக் கூடாது.

பல்லைப் பிடித்துப் பார்!

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் இருக்கலாமா? சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். ஜீப்புக்கும் அந்த மரியாதை வேண்டும்.

முதல் விதி: பகலில் பார்க்க வேண்டும். மாலை மங்கிய பிறகு தெரு விளக்கில் எந்த வண்டியும் அழகுதான். கழுவிய ஈரத்தோடு நிற்கும் வண்டியையும் பார்க்கக் கூடாது. ஈரம் பல குறைகளை மறைக்கும்.

இரண்டாவது விதி: அடியில் பார்க்க வேண்டும். சர்வீஸ் பட்டறைப் பள்ளத்தின் மேல் நிறுத்தியோ, தூக்கும் மேடையில் ஏற்றியோ பார்ப்பதுதான் சரி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. வண்டி வாங்குமுன் உயிரை விடுவதற்கா?

கையில் மூன்று பொருள் போதும். ஒரு டார்ச் விளக்கு, ஒரு சிறிய சுத்தியல், ஒரு காந்தம்.

அடிச்சட்டத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு 'தொப்' என்று மங்கலாகச் சத்தமிடும். அந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். மேலே பழுப்புப் பொடி மட்டும் இருந்து, சுரண்டினால் கெட்டி இரும்பு தென்பட்டால் அது மேல்துரு, கவலை இல்லை. இரும்பே ஏடு ஏடாக உரிந்து வந்தால் அது ஆழத்துரு. திருப்புளி உள்ளே போய்விட்டால் பேச்சே வேண்டாம். ஆனால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு இந்தச் சோதனையைச் செய்வதுதான் முறை. "குத்திப் பார்க்கக் கூடாது" என்று அவர் தடுத்தால், அந்தத் தடையே ஒரு பதில்!

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

ஸ்பிரிங் பட்டையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் பிடிகள் மிக முக்கியம். மேடு பள்ளத்தில் விழும் அடி எல்லாம் அங்கேதான் இறங்குகிறது. அடுத்தது ஸ்டீயரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம். பிறகு, இரு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். பாடியைத் தாங்கும் போல்ட் இருக்கும் இடங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் பகுதி. சேறு அப்பிக்கொண்டு ஈரம் காயாமல் கிடப்பது அங்கேதான். பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்களையும் டீசல் தொட்டியையும் மறக்கக் கூடாது.

பிறகு வண்டிக்குள் வரலாம். கால்மிதிப் பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே வந்து தேங்குவது பாய்க்கு அடியில்தான். சீட் பெல்ட் பூட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிலும், கதவுக் கீல் பிடித்திருக்கும் தூணையும், முன் கண்ணாடிச் சட்டத்தின் அடி ஓரத்தையும் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து லேசாகத் தூக்கினால் கதவோடு தூணும் அசைகிறதா என்று தெரிந்துவிடும்.

பட்டியும் பெயிண்டும்

துரு தெரியும் வண்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், பளபளக்கும் வண்டியைப் பார்த்து மயங்குகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது இரண்டாவதைப் பார்த்துத்தான்.

வெளியே தெரியும் துரு யோக்கியமான துரு. அது தன் நிலையை மறைக்கவில்லை. ஆனால் விற்பனைக்கு ஒரு வாரம் முன்பு பூசி மெழுகிய வண்டி என்ன சொல்கிறது? ஓட்டை விழுந்த இடத்தில் வலைத்துணியை ஒட்டி, அதன் மேல் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் புது மணப்பெண் மாதிரி இருக்கும். சில மாதத்தில் பட்டிக்குள் ஈரம் புகும். ஒரு குலுக்கலில் அது பெயர்ந்து விழும். முன்பு விரல் அளவு இருந்த ஓட்டை அப்போது உள்ளங்கை அளவு ஆகியிருக்கும்.

இங்கேதான் காந்தம் உதவுகிறது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும். கனத்த பட்டி உள்ள இடத்தில் வழுக்கி விழும். சில வண்டிகளில் சில பாகங்கள் பைபரில் செய்யப்பட்டிருக்கும். அங்கேயும் காந்தம் ஒட்டாது. ஆகவே ஒட்டவில்லை என்றதும் சண்டைக்குப் போகாமல், அது என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை. பழைய வண்டிக்கு யாரும் காரணமில்லாமல் அடியில் பணம் செலவழிப்பதில்லை. துருவைச் சுரண்டிவிட்டு அடித்தார்களா, துருவின் மேலேயே அடித்தார்களா? வேலை நடந்தபோது எடுத்த படங்கள் உண்டா? நல்ல எண்ணத்தோடு செய்தவரிடம் பெரும்பாலும் பதில் இருக்கும்.

பணயம் என்ன?

"உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை குறைவாயிற்றே!" என்று மனம் சொல்லும். எதைப் பணயம் வைத்து அந்தக் குறைந்த விலை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜீப் சமதரையில் மட்டும் ஓடுகிற வண்டி அல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கல்லும் குழியுமான அந்தப் பாதைக்கு ஜீப்தான் போகிறது. ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் பள்ளம். வண்டியில் எட்டுப் பேர். அந்த நேரத்தில் உளுத்துப்போன ஸ்பிரிங் பிடி சட்டத்திலிருந்து பெயர்ந்தால் ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்?

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போதுதான் குழாயில் அழுத்தம் அதிகம். அரித்துப்போன குழாய் வெடிப்பதும் அப்போதுதான்.

தரையில் விழுந்த ஓட்டையைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. சைலன்சர் குழாயும் அரித்திருந்தால், அந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே வரும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கும் குழந்தைக்கு அது நஞ்சு.

சீட் பெல்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும், அதைப் பூட்டிய தகடு உளுத்திருந்தால் விபத்தில் பெல்ட்டும் வரும்; தகடும் வரும்; ஆளும் போவார்.

கணக்குப் போட்டுப் பார்

துரு தோலோடு நின்றிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்தது பணக் கணக்கு.

ஒரு பேச்சுக்கு, துரு இல்லாத வண்டி ஒன்றின் விலை 4,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். துரு உள்ள வண்டி 3,50,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு லட்சம் லாபம் என்று துள்ளக் கூடாது. வண்டியை டிங்கர் ஒருவரிடம் காட்டி, வேலைக்கு என்ன ஆகும் என்று எழுதி வாங்க வேண்டும். அவர் 60,000 ரூபாய் என்று எழுதினால் அதோடு பாதியைச் சேர்த்து 90,000 என்று எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் துரு வேலையில் வெட்டிப் பார்த்த பிறகுதான் முழு அளவும் தெரியும். வெளியே தெரிவது குறைவு. உள்ளே இருப்பது அதிகம்.

ஆக, மிச்சம் 10,000 ரூபாய். அதற்காக வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் கிடக்க வேண்டும். அங்கே நடையாய் நடக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். இந்த வண்டியை 3,50,000 ரூபாய்க்கு வாங்குவது வீண். அதே வண்டி 2,75,000 ரூபாய்க்குப் படிந்தால் வாங்கலாம்.

ஆகவே தோல்துரு என்பது வண்டியை வேண்டாம் என்று தள்ளுவதற்குக் காரணம் அல்ல. விலையைக் குறைத்துக் கேட்பதற்குக் காரணம். எலும்புத்துரு என்பது பேரம் பேசுவதற்குக் காரணம் அல்ல; எழுந்து வருவதற்குக் காரணம். அடிச்சட்டம் உளுத்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது விலை குறைந்த வண்டி ஆகாது. உதிரிப் பாகத்துக்காக வாங்குகிறவர் வேண்டுமானால் வாங்கட்டும்.

துருவும் ஆர்.டி.ஓ. ஆபீசும்

துரு, காகிதத்தையும் தொடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்டத்திலும் சேஸ் நம்பர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். துரு அந்த நம்பரைத் தின்றுவிட்டால் வண்டிக்கு முகம் இல்லாமல் போகிறது. நம்பர் படிக்க முடியாத வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனால் அலைச்சல் நிச்சயம். நம்பர் உள்ள இடத்தில் சுரண்டிய அடையாளமோ, புதிதாகக் குத்திய அடையாளமோ தெரிந்தால் அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கார், ஜீப் போன்ற வண்டிகளுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. வாங்கும் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

டில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. அதன் பின் அங்கிருந்து ஏராளமான வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விலைக்கு வந்தன. அவற்றில் நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால் தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வெளி மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு செய்தாக வேண்டும்; வரியும் கட்ட வேண்டும்.

பெயர் மாற்றமும் முக்கியம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் பொறுப்பு அவருடையது என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது. உளுத்த ஜீப்பைத் தள்ளிவிட்டுத் தப்பித்தோம் என்று நினைக்கும் விற்பனையாளரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அரசு செய்ய வேண்டியது

வாங்குகிறவர் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதுமா? போதாது. துருப்பிடித்த வண்டி, அதை வாங்கியவரை மட்டுமா கொல்கிறது? எதிரே வருகிறவரையும் கொல்கிறது.

பிரிட்டனில் பொதுவாக 3 ஆண்டு கடந்த கார்கள் எல்லாம் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குப் போக வேண்டும். சீட் பெல்ட், ஸ்பிரிங் போன்றவை பூட்டப்பட்ட இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு கடுமையாக அரித்திருந்தால் வண்டி தேறாது. சோதனை செய்பவர் அடியில் நின்று தட்டிப் பார்க்கிறார். அங்கே துரு என்பது வாங்குபவரின் தலைவிதி அல்ல, அரசின் கவலை.

இந்தியாவில் சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு வரை இப்படி ஒரு சோதனை இல்லை. நடுவில் நான்கு கை மாறினாலும் யாரும் அடியில் பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் சோதனை என்றால் மக்களுக்குச் சுமைதான். ஆனால் 10 ஆண்டு கடந்த வண்டி கை மாறும்போது, ஒரு முறை பள்ளத்தின் மேல் நிறுத்தி அடிச்சட்டத்தைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாமே! அது சில நிமிஷ வேலைதான். வாங்குபவருக்கு நிம்மதி, நேர்மையாக விற்பவருக்கும் நல்ல விலை.

பட்டறைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. மட்கார்டில் பட்டி வைப்பது தொழில். அடிச்சட்டத்து ஓட்டையைப் பட்டியால் மூடுவது தொழில் அல்ல, துரோகம். "இதை மட்டும் செய்ய மாட்டேன்" என்று சொல்லும் டிங்கர் ஒரு வேலையை இழப்பார். ஆனால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவார்.

வாங்கிய பிறகு

நல்ல எலும்பும் கொஞ்சம் தோல்துருவும் உள்ள வண்டியை வாங்கியாயிற்று. இனி அதைக் காப்பது எப்படி?

துருவின் மேல் பெயிண்ட் அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போல. கம்பி பிரஷால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு. அதன் மேல் பெயிண்ட். அடிச்சட்டத்தின் உட்குழிவுகளுக்கு மெழுகுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கலாம். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, மண்ணும் பாழ்.

கதவின் அடியிலும் தரையிலும் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை அடைபடாமல் பார்த்துக்கொண்டாலே பாதித் துரு வராது. கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். சேறு அப்பியிருந்தால் காயவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. இவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை. சோம்பல் இல்லாமை ஒன்றுதான் வேண்டும்.

ஜீப்பின் எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். கதவு உளுத்தால் வேறு கதவு மாட்டலாம். எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அடிச்சட்டம் கெட்டியாக இருக்க வேண்டும். அது கெட்டியாக இருந்தால், மேலே எவ்வளவு அழுது வடிந்தாலும் அந்த வண்டிக்கு ஆயுள் உண்டு. அது கெட்டுப்போயிருந்தால், மேலே எவ்வளவு மின்னினாலும் அது ஓடும் சவப்பெட்டிதான்.

ஆகவே பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள், நிமிர்ந்து நின்று பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் ஒரு முறை குனிந்து அடியில் பார்க்கட்டும். வண்டி வாங்குவதற்காகக் குனிவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை!